சாட்சிக் கையெழுத்து

ஜூன் 7

அன்புள்ள அண்ணிக்கு,

சிட்டு எழுதுகிறேன். இங்கே வந்து பதினாறு நாள் ஆகிறது. கை நடுக்கம் நின்றுவிட்டது என்பதற்கு இந்தக் கடிதமே அத்தாட்சி. போன வாரம் எழுத உட்கார்ந்தபோது என் எழுத்தும் நம் மயக்க மருந்து டாக்டர் எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. மருந்துக் கடைக்காரர் ஒருவரால்தான் படித்திருக்க முடியும். கிழித்துப் போட்டுவிட்டேன்.

போன் கிடையாது. தொண்ணூறு நாளும் கடிதம்தான். சனிக்கிழமை காலையில் வந்த தபாலைக் கொடுத்துவிட்டு எங்கள் தபாலை எடுத்துப் போவார்கள். இந்த மறுவாழ்வு இல்லத்தில் நான் பழைய மாணவி என்பதால் புதிதாக வந்தவர்கள் என்னிடம்தான் விதிகளைக் கேட்டுக்கொள்கிறார்கள். போன வருஷம் படுத்த அதே கட்டில்தான் கிடைத்திருக்கிறது. வார்டன் அம்மா என்னைப் பார்த்து ஆச்சரியப்படவும் இல்லை, திட்டவும் இல்லை. "வாம்மா" என்று சொல்லிப் போர்வையைக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. சோப்பை நாலாக வெட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள். உள்ளே சோப்புதான் இருந்தது. நன்றி.

அண்ணி, அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டர் துணி அறையில் நீங்கள் என்னைப் பார்த்தது திரும்பத் திரும்ப வருகிறது. ஊசி என் கையிலேயே இருந்தது. ஊசியை வாங்கினீர்கள், என் சட்டைக் கையை இறக்கிவிட்டீர்கள், பின்படி வழியாகக் கூட்டிக்கொண்டு போனீர்கள். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தை நீங்களே எழுதி எடுத்து வந்தீர்கள், 'உடல்நிலை காரணமாக' என்று. ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் நீங்கள் குளியலறைக் கதவை உடைத்து என்னைத் தூக்கினீர்களே, அப்போதும் அப்படித்தான் காப்பாற்றினீர்கள். ஒரு நர்ஸை இன்னொரு நர்ஸ் எத்தனை தடவை காப்பாற்றுவது? நான் உங்கள் புருஷனின் தங்கை என்பதற்காக எவ்வளவுதான் தாங்குவீர்கள்?

நடுவில் ஐந்து மாதம் நான் சுத்தமாக இருந்தேன். அது நடிப்பு இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

வாலு என்ன செய்கிறாள்? அவளிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள்? எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்பாவும் இல்லை, அம்மா இருந்தும் இப்படி. ஆகஸ்டில் எனக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. வீட்டுக்கு வரலாமா அண்ணி? இந்த ஒரு வரியை எழுத மூன்று நாள் பிடித்தது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
சிட்டு


ஜூன் 15

என் சிட்டுவுக்கு,

உன் கடிதம் வந்தது. சாப்பிடுகிறாயா? அதை எழுதவில்லை. சோப்பைப் பற்றி இரண்டு வரி எழுதத் தெரிகிறது, சோற்றைப் பற்றி ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசும்போது காற்றுதான் வருகிறது, இருந்தாலும் பேச்சு குறையவில்லை. உனக்கு முதுகு வைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன். அவள் டீச்சரிடம் போய், "எங்கம்மா முதுகை ரிப்பேருக்கு விட்டிருக்காங்க" என்றிருக்கிறாள். டீச்சர் என்னை நிறுத்தி வைத்து விசாரித்தார். காலையில் தலை பின்னிவிடுவதுதான் பெரிய போராட்டம். நான் பின்னினால் ஆபரேஷனுக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருக்கிறதாம். "அம்மா பின்னினா வலிக்காது அத்தை" என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் இழுத்துத்தான் பின்னினேன்.

உன் அண்ணன் உன் பேச்சை எடுப்பதே இல்லை. நான் எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துக் குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். இனிமேல் இந்த வீட்டில் தாழ்ப்பாள் வேண்டாமாம். இப்போது நாங்கள் மூன்று பேரும் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறோம். உன் அண்ணன் பாடுவதைக் கேட்டால் நீ இந்தப் பக்கமே வரமாட்டாய்.

வரலாமா என்று கேட்கிறாயே, இது யார் வீடு? வா. மேட்ரனிடம் பேசி வைத்திருக்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் சீட்டுக் கொடுக்கிற இடம் காலியாகிறது. ஊசி மருந்து அலமாரிப் பக்கமே போக வேண்டாம். முதுகு சரியாகிவிட்டது, கனமான வேலை கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்த டாக்டருக்கு நான் ஒரு பெயர்கூட வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்ல வேண்டும், வந்ததும் சொல்லித் தருகிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அப்படியே வைத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அண்ணி


ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு,

ரிப்பேர் சங்கதியைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரி பயந்துவிட்டாள். சாப்பிடுகிறேன். இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. நீங்கள் 'வா' என்று எழுதியிருந்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

இங்கே ஆலோசகர் ஒரு வேலை கொடுத்தார். என்னால் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்று எழுத வேண்டும். நீங்கள், அண்ணன், வாலு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். "அவ்வளவுதானா?" என்றார். "அவ்வளவுதான் சார். நான் எடுத்தது மீதி மருந்து. எப்படியும் கீழே கொட்ட வேண்டியது. யாருக்கும் நஷ்டம் இல்லை" என்றேன். அவருக்கு ஆஸ்பத்திரி நடைமுறை தெரியாது, புரியும்படி சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். வலி மருந்துக் குப்பியில் பாதிதான் ஒரு நோயாளிக்குப் போகும். மீதியை ஒருத்தர் கொட்ட வேண்டும், இன்னொருத்தர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ரிஜிஸ்டரில் கொட்டியவருக்கு ஒரு கட்டம், சாட்சிக்கு ஒரு கட்டம். மூன்று மேஜையிலும் ஆபரேஷன் ஓடும்போது சாட்சிக்கு ஆள் தேடி அலைய முடியாது. அதனால் எங்கள் தியேட்டர் பொறுப்பாளர், அவர் என் அண்ணிதான், காலையிலேயே சாட்சிக் கட்டத்தில் பத்து வரிக்குக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். "பார்க்காமலேயா?" என்று கேட்டார். "பாக்க என்ன சார் இருக்கு? எல்லாம் நம்ம பிள்ளைங்கதானே" என்றேன். நீங்கள் எப்போதும் சொல்வது. என் வாயில் அப்படியே வந்துவிட்டது.

அடுத்து அவர், "அந்தப் பாதி உங்களுக்குப் போதுமா இருந்ததா?" என்று கேட்டார். நான் எழுந்து அறைக்கு வந்துவிட்டேன்.

போதவில்லை அண்ணி. மார்ச் மாதத்துக்குப் பிறகு போதவில்லை. நம் தியேட்டரை ஒட்டிய வார்டில் ஏழாம் படுக்கைத் தையல்காரரை ஞாபகம் இருக்கிறதா? தொடை எலும்பில் தகடு வைத்தோமே, அவர். அன்றைக்கு அவருக்கு எழுதியிருந்த முழு மருந்தையும் நான் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் போட்டது வெறும் சலைன். சாயங்காலம் முழுக்கக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். நீங்கள் சீட்டைப் பார்த்தீர்கள். மருந்து போட்டாயிற்று என்று என் கையெழுத்து இருந்தது. அவரிடம் போய், "ஊசி போட்டாச்சு பெரியவரே, சும்மா நடிக்காதீங்க. பக்கத்துக் கட்டில்ல சின்னப் பொண்ணு, சத்தமில்லாமப் படுத்திருக்கா பாருங்க" என்றீர்கள். நான் மூன்றடி தள்ளி நின்றேன். எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

அவர் ஒருத்தர்தான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

இதை மேட்ரனுக்கு எழுதிவிட வேண்டும் என்று இருக்கிறது. எழுதினால் என் லைசன்ஸ் போகும், போகட்டும். ஆனால் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வரியிலும் உங்கள் கையெழுத்து இருக்கிறது. உங்களைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

சிட்டு


ஜூலை 5

சிட்டு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். "என்ன கருகுது?" என்று உன் அண்ணன் கேட்டார். பால் என்றேன். பார், உன்னால் பாலுக்கும் பழி.

நான் சொல்வதை நிதானமாகப் படி. எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அடுத்த வருஷம் மேட்ரன் ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு என் பெயர்தான் போயிருக்கிறது. உன் அண்ணனுக்கு இப்போது இருக்கும் வேலை நிரந்தரமா இல்லையா என்று உனக்கே தெரியும். வாலுவின் பள்ளிக்கூடம், சாப்பாடு, நீ படுத்திருக்கும் கட்டில் எல்லாம் இந்தக் கையெழுத்தில்தான் நிற்கிறது. அந்த ஆலோசகர் ஒரு நாள் வரட்டும். மூன்று மேஜையும் ஓடும் காலை நேரத்தில், ஒரு பக்கம் டாக்டர் கத்தரி கேட்டுக் கத்த, மறுபக்கம் ரத்தம் வரவில்லை என்று போன் அடிக்க, நடுவில் நின்றுகொண்டு சாட்சி பார்க்கட்டும். ஊரில் இருக்கிற எல்லாத் தியேட்டரிலும் இப்படித்தான் நடக்கிறது. நான் என்ன புதிதாகக் கண்டுபிடித்தேனா?

தையல்காரர் கால் கூடி நடந்துதான் வீட்டுக்குப் போனார். அன்றைக்குப் பட்ட வலி அன்றோடு போயிற்று. இப்போது அதைத் தோண்டி எடுத்து யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? உனக்கு மனசு லேசாகும், அவ்வளவுதான். உன் மனசு லேசாக என் தலையில் கல்லைப் போடாதே.

நான் உன்னிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். வாயைத் திறக்காதே.

வாலு தினமும் வாசலில் உன் செருப்பைத் துடைத்து வைக்கிறாள். தூசி படிந்தால் நீ வரும்போது கால் அழுக்காகிவிடுமாம். அதை நினைத்துக்கொள். ஆகஸ்டில் பேசாமல் வந்து சேர்.

அண்ணி


ஜூலை 26

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை மறுபடியும் விழுந்துவிட்டேன்.

பல்வலி என்று பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். வார்டன் அம்மா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். டாக்டருக்கு நான் எங்கிருந்து வருகிறேன் என்று தெரியாது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்றார். "இல்ல டாக்டர்." "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" "எனக்கு எல்லாமே ஒத்துக்கும் டாக்டர்." சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். "சாதாரண மாத்திரை எனக்குக் கேக்காது டாக்டர், நானும் நர்ஸ்தான்" என்று எனக்கு வேண்டியதை எழுதவும் வைத்தேன். பத்து மாத்திரையை அவருடைய உதவியாளரே அங்கேயே எடுத்துக் கொடுத்தார். அங்கேயே கழிவறையில் ஆறு விழுங்கினேன். மீதி நாலை மறுநாள் காலையில் ஆலோசகர் மேஜையில் வைத்தேன். என் நாள் கணக்கை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள். இனி ஆகஸ்ட் இல்லை, அக்டோபர்தான். வாலுவிடம் எப்படியாவது சொல்லுங்கள்.

பல்வலி காரணம் இல்லை. நீங்களும் காரணம் இல்லை. நீங்கள் கேட்டபடி வாயை மூடிக்கொண்டேன். மூடிய அன்றே உள்ளே இருந்த பழைய ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மருந்தைவிட ரகசியத்தைத் தின்றுதான் வளர்ந்தவள். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். போன அக்டோபரில் நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? என்னை எங்கே போடுவீர்களோ என்று பயந்துகொண்டு வந்தேன். நீங்கள் எல்லோர் முன்னாலும் மருந்து அலமாரிச் சாவியை என் கையில் கொடுத்தீர்கள். ரிஜிஸ்டரைத் திறந்து பத்து வரி இல்லை, பக்கம் முழுக்க, இருபத்தைந்து வரிக்கும் சாட்சிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். "இந்தா. உன்னை நம்புறேன்னு இதுக்குமேல எப்படிச் சொல்றது?" என்றீர்கள். நான் கை கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுதேன். என்னை அதுவரை யாரும் அப்படி மதித்ததில்லை.

அந்தப் பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கம் போட்டுக் கொடுத்தீர்கள். ஐந்து மாதம் அந்தக் காலிக் கட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் அண்ணி. பசித்தவள் முன்னால் இலையைப் போட்டுவிட்டுச் சாப்பிட மாட்டாய் என்று நம்புகிறேன் என்பது போல. அன்றைக்கு நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், இந்த அண்ணி எப்போதும் இப்படித்தான் என்று அண்ணனிடம் கோள் சொல்லியிருப்பேன். ஆனால் பிழைத்திருப்பேன்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. திருடியது என் கை. மேட்ரனுக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பதில் வராமல் அனுப்ப மாட்டேன்.

சிட்டு


ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணிக்கு,

ஐந்து சனிக்கிழமை போய்விட்டது. தபால் வரும்போது நான் எழுந்து நிற்பதில்லை, பிறர் எழுந்து போவதைப் பார்க்கிறேன்.

நான் எழுதியது தப்பு என்றால் தப்பு என்றாவது எழுதுங்கள். வாலு நன்றாக இருக்கிறாளா என்று மட்டுமாவது எழுதுங்கள். வெறும் 'நலம்' என்றால்கூடப் போதும்.

இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

சிட்டு


செப்டம்பர் 27

சிட்டுவுக்கு,

வாலு நலம். மற்றதெல்லாம் இனிமேல்தான் எழுத வேண்டும்.

இரண்டு மாதம் உனக்கு எழுதாததற்குக் காரணம் கோபம். சும்மா கோபம் இல்லை, உன்னை வெறுத்தேன். என் வீட்டில் உண்டு, என் கையால் வேலை வாங்கிக்கொண்டு, கடைசியில் நான் பாசமாகச் செய்ததையே குற்றமாக எழுதுகிறாளே என்று. அடுப்பில் போட உன் கடிதத்தை இரண்டு தடவை எடுத்தேன். போடவில்லை. இருபத்தைந்து வரி என்று நீ எண்ணி வைத்திருந்தாய். எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தையல்காரரைப் போய்ப் பார்த்தால் நீ சொல்வது தப்பு என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார், அதை உனக்கு எழுதிவிடலாம் என்று. பைலில் விலாசம் பார்த்து ஒரு விடுமுறை நாளில் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மெஷின் போடுகிற அளவுக்குத்தான் கடை. யூனிபாரம் இல்லாததால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. "அளவு எடுக்கணுமாம்மா?" என்றார். "கால் எப்படி இருக்கு பெரியவரே?" என்றேன். தையலை நிறுத்திவிட்டார். குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதோ?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வலி என்னம்மா, அது போயிடுச்சு. நான் நடிக்கிறேன்னு சொன்னீங்களே, அப்ப எம்பொண்ணு பக்கத்துல நின்னா. இப்பவும் எனக்கு எங்கயாவது வலிக்குதுன்னு சொன்னா, ஒரு நிமிஷம் என் முகத்தை உத்துப் பாத்துட்டுத்தான் நம்புறா."

அங்கேயே அவரிடம் சொல்லிவிட்டேன், அன்றைக்கு உங்களுக்கு மருந்தே போகவில்லை என்று. திட்டுவார், ஆளைக் கூட்டுவார் என்று நினைத்தேன். மடியில் இருந்த துணியை மடித்து வைத்தார். "அப்ப நான் கத்தினது சரிதானே?" என்றார். "சரிதாங்க" என்றேன். "இதை எம்பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா?" என்றார். அந்தப் பெண் வேலை முடிந்து வரும்வரை அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் எழுந்து நின்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை சிட்டு. அப்பாவைப் போய்க் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மேட்ரனிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் பெயரையும் சொன்னேன். தியேட்டர் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். விசாரணை நடக்கிறது, வேலை மிஞ்சுமா என்று தெரியவில்லை. என் பிள்ளைகள் என்று நினைத்தவர்கள் எதிரே வந்தால் திரும்பிக்கொள்கிறார்கள். உன் கடிதத்தை நீ அனுப்பலாம். இனிமேல் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.

வாலுவிடமும் உண்மையைச் சொன்னேன். முதுகு நன்றாகத்தான் இருக்கிறது, இது வேறு நோய், மருந்தை விட முடியாத நோய் என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப பொய் சொன்னது அம்மாவா, நீங்களா?" என்றாள். ரெண்டு பேரும்தான் என்றேன். அன்றைக்கு என்னிடம் தலை பின்னிக்கொள்ளவில்லை, விரித்துப் போட்டுக்கொண்டே போனாள்.

உன் அண்ணனிடமும் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். "பொறுப்பு போனா போகட்டும், நீ சாப்பிடு" என்றார். உன்னைப் பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வீட்டு விஷயம். ஜூனில் 'வா' என்று எழுதினேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இங்கே தங்க இப்போது வேண்டாம். இல்லத்துக்குப் பக்கத்திலேயே அறை பார்த்துத் தருவார்களாம், விசாரித்தேன். வாரக் கடைசியில் வெளியே விடுவார்கள் என்றும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா, சாயங்காலம் போய்விடு. வாசலில் உன் பையைத் திறந்து பார்ப்பேன். வாலு நின்றால் அவள் முன்னாலும் பார்ப்பேன். உனக்கு அசிங்கமாக இருக்கும், எனக்கும்தான். நம்புவது ஒன்றுதான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பாசம் உன்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது. இனி என்னால் முடிந்தது இவ்வளவுதான். சம்மதமா என்று எழுது.

அண்ணி


அக்டோபர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆலோசகர் அறையில் உட்கார்ந்து படித்தேன். தனியாகப் படிக்கத் தைரியம் இல்லை. மேட்ரனுக்கு என் கடிதம் இன்று போகிறது. தையல்காரருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்தேன். எழுதாமல் விடமாட்டேன்.

உங்கள் பொறுப்பு போனதற்கு நான் எப்படி மன்னிப்புக் கேட்பது? இருபத்திரண்டு வருஷத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்து தருவேன்? கேட்காமல் இருப்பதும் முடியவில்லை. மன்னித்துவிடுங்கள் அண்ணி. முடியாவிட்டாலும் பரவாயில்லை.

சம்மதம். ஆனால் பையை மட்டும் பார்த்தால் போதாது. நான் பையில் வைக்கிற ஆள் இல்லை. செருப்பின் உள்தோலைத் தூக்கிப் பாருங்கள். சட்டைக் காலர் மடிப்பைத் தடவிப் பாருங்கள். ஷாம்பூ குப்பி கொண்டுவந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தலைமுடியைக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். நான் அழுதால், "என்னையா சந்தேகப்படறீங்க?" என்று கேட்டால், இன்னும் நன்றாகப் பாருங்கள். அந்த அழுகை எனக்கு நன்றாக வரும்.

இவையெல்லாம் பழைய இடங்கள். இப்போது காலி. காலியாக இல்லாத இடம் ஒன்று உண்டு. நாலு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

வாலு படுக்கும் அறையில் திரைச்சீலை தொங்கும் கம்பி உள்ளே வெற்றுக் குழாய். இடது ஓரத்து மூடியைத் திருகினால் கழன்று வரும். உள்ளே இரண்டு வலி மருந்துக் குப்பி இருக்கிறது, பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன். மே மாதம் நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வைத்தது. அவள் கட்டிலுக்கு நேர் மேலே.

வீட்டுக்கு வரலாமா என்று ஜூனில் கேட்டேனே, அதில் பாதி வாலுவுக்காக. மீதி அந்தக் கம்பிக்காக. அவளைப் பார்க்க வேண்டும் என்று இங்கே நான் அழுதபோதெல்லாம் அவள் முகம் தெரியும், அதற்கு மேலே கம்பியும் தெரியும். எது முதலில் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நீங்கள் 'வா' என்று எழுதியிருந்ததைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நான் மனசுக்குள் அந்த மூடியைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்த 'வா'வைத் திருப்பி வாங்கியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அடுத்த நிமிஷம், அப்பாடா என்று இருந்தது. அதனால்தான் இப்போது சொல்ல முடிகிறது.

வாலு பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் எடுங்கள். உயரமான ஸ்டூல் வேண்டும், நாற்காலி எட்டாது. அண்ணனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கொட்டுங்கள். இரண்டு குப்பி இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம், வீடு முழுக்கத் தேடுங்கள்.

எடுத்தாயிற்று என்று ஒரு வரி வரட்டும். அது வரும்வரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வரமாட்டேன். ஏன் இந்த வாரம் வரவில்லை என்று வாலு கேட்டால், அம்மாவுக்கு இன்னும் இந்த வீட்டைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அவளிடம் அதைச் சொல்லலாம். அது உண்மைதான்.

சிட்டு